கொழும்பில் குழந்தை பெறப் போகிறீர்களா? இருபது வாரம் தாண்டியதும் முடிவெடுத்துவிடுங்கள்

"அக்கா, 22 வாரம் ஆகிறது, வெள்ளவத்தைக்கு வந்து நாலு மாதம்தான், டெலிவரி இங்கேயா ஊரிலா என்று இன்னும் முடிவு பண்ணவில்லை, ஒரு மணி நேர ஃப்ளைட்தானே, எட்டாம் மாதம் பார்த்துக்கலாமா" என்று ஒரு தங்கை கேட்டிருந்தார். வேண்டாம்மா. ஊர் பக்கத்தில் இருப்பதுதான் நம்மை ஏமாற்றுகிறது. கனடாவுக்கோ ஆஸ்திரேலியாவுக்கோ போனவர்கள் முதல் மாதத்திலேயே எல்லாவற்றையும் விசாரித்துவிடுகிறார்கள். தமிழ்நாட்டிலிருந்து கொழும்புக்கு வரும் நாம் தெருவில் தமிழ் கேட்கிறது, கடையில் முருங்கைக்காய் கிடைக்கிறது, கோயில் மணி கேட்கிறது என்று வேறு நாட்டில் இருப்பதையே மறந்துவிடுகிறோம். நானும் அப்படித்தான் இருந்தேன், அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

எனக்கு நடந்ததை முதலில் சொல்லிவிடுகிறேன். திருச்சியில் அம்மா வீட்டில் பெற்றுக்கொள்வது என்று மனதில் ஒரு நினைப்பு, அவ்வளவுதான், டிக்கெட்டும் போடவில்லை, அங்கே டாக்டரும் பார்க்கவில்லை. முப்பதாவது வாரத்தில் அம்மா குளியலறையில் வழுக்கி விழுந்து மணிக்கட்டில் எலும்பு முறிந்துவிட்டது. கையில் கட்டோடு இருப்பவர் என்னைப் பார்ப்பாரா, குழந்தையைக் குளிப்பாட்டுவாரா? சரி, இங்கேயே என்று முடிவாகி டாக்டர் தேடக் கிளம்பினால், எல்லோரும் கைகாட்டிய டாக்டர் அந்த மாதத்துக்கு இனி யாரையும் எடுப்பதில்லை என்று சொல்லி அனுப்பிவிட்டார். வயிற்றைத் தூக்கிக்கொண்டு மூன்று இடம் ஏறி இறங்கினேன். நல்ல டாக்டர் கிடைத்தார், நல்லபடியாகவே பிறந்தது. ஆனால் அந்த இரண்டு வாரம் நான் தூங்கவே இல்லை.

பெரும்பாலான விமான நிறுவனங்கள் 28 வாரம் தாண்டினால் டாக்டர் கடிதம் கேட்பார்கள், ஒற்றைக் குழந்தை என்றால் 36 வாரத்தோடு ஏற்றுவதை நிறுத்திவிடுவார்கள், இரட்டை என்றால் அதற்கும் முன்பே. ஆகவே 24 வாரத்துக்குள் கணவரோடு உட்கார்ந்து பேசி ஒரு முடிவுக்கு வாருங்கள். ஊருக்குப் போவதென்றால் 32 வாரத்துக்குள் போய், அங்கே பார்க்கப்போகும் டாக்டரிடம் ஒரு தடவையாவது காட்டிவிடுங்கள். இங்கேதான் என்றால் கீழே எழுதியிருப்பது உங்களுக்கு.

முதலில் சில வார்த்தைகள். மகப்பேறு டாக்டரை இங்கே 'விஓஜி' என்பார்கள். "உங்கட விஓஜி யார்?" என்று கேட்டால் முழிக்காதீர்கள். டாக்டரைப் பார்க்க நேரம் பதிவதற்கு 'சனல் பண்ணுறது'. சிசேரியன் இங்கே 'சீசர்'. குறைமாதக் குழந்தைகளை வைத்துப் பார்க்கும் இடம் 'பிபியூ'. நர்ஸை 'மிஸ்' என்றுதான் கூப்பிட வேண்டும். வெள்ளவத்தை, பம்பலப்பிட்டி, கொட்டாஞ்சேனை பக்கம் தமிழிலேயே காலம் தள்ளலாம், ஆனால் நள்ளிரவில் வார்டில் இருக்கும் மிஸ்ஸுக்குத் தமிழ் தெரியாமல் இருக்கலாம். அதனால் நாலு சிங்களச் சொல்லை மனப்பாடம் பண்ணி வையுங்கள்: 'ரிதெனவா' என்றால் வலிக்கிறது, 'லே' என்றால் ரத்தம், 'வதுர' தண்ணீர், 'பபா ஹெலவென்னே நே' என்றால் குழந்தை அசையவில்லை. கடைசியாகச் சொன்னதைக் கணவருக்கும் சொல்லிக்கொடுங்கள்.

விஓஜியை முடிவு செய்யும்போதே அவர் எந்த மருத்துவமனையில் பிரசவம் பார்ப்பார் என்று கேளுங்கள், பலர் சனல் பண்ணுவது ஒரு இடம், பிரசவம் பார்ப்பது வேறு இடம். அங்கே பிபியூ இருக்கிறதா என்று கட்டாயம் கேளுங்கள். தனியார் மருத்துவமனையில் பேக்கேஜ் என்று ஒரு தொகை சொல்வார்கள். அதில் விஓஜி கட்டணம், மயக்க மருந்து டாக்டர், குழந்தை டாக்டர், சீசராக மாறினால் எவ்வளவு கூடும், குழந்தையை மஞ்சள் காமாலைக்காக விளக்குக்குக் கீழே வைத்தால் நாளுக்கு எவ்வளவு, இதையெல்லாம் தாளில் எழுதி வாங்குங்கள். எங்களுக்கு வாயால் சொன்ன தொகைக்கும் கடைசியில் கட்டிய தொகைக்கும் பெரிய வித்தியாசம். டிஸ்சார்ஜ் அன்று குழந்தையைக் கையில் வைத்துக்கொண்டு பில் கவுன்டரில் வாக்குவாதம் பண்ண முடியுமா? கம்பெனி இன்சூரன்ஸ் என்று நம்பி இருப்பவர்கள், இந்தியாவில் எடுத்த பாலிசி இங்கே செல்லுமா, மகப்பேற்றுக்குக் காத்திருப்புக் காலம் உண்டா என்று இந்த வாரமே மெயில் போட்டுக் கேளுங்கள்.

காசல் வீதி, டி சொய்சா என்று பெரிய அரசு மகளிர் மருத்துவமனைகள் நகருக்குள்ளேயே இருக்கின்றன, நாடு முழுவதிலிருந்தும் சிக்கலான பிரசவங்கள் வரும் இடங்கள். தனியாரில் பதிந்திருந்தாலும் அவை எங்கே இருக்கின்றன என்று ஒருமுறை ஆட்டோவில் போய்ப் பார்த்து வையுங்கள். அவசரத்துக்கு 1990, சுவசெரிய ஆம்புலன்ஸ், காசு கிடையாது. 2016-ல் இந்திய உதவியோடு தொடங்கிய சேவை அது. அந்த எண்ணைக் குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டிவையுங்கள்.

இப்போது மிட்வைஃப், அதாவது மருத்துவச்சி பற்றி. நம்மவர்கள் பலர் தனியார் டாக்டரைப் பார்ப்பதோடு இதை விட்டுவிடுகிறார்கள், எனக்கு அதில் மனவருத்தம் உண்டு. இந்த நாட்டில் ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு குடும்பநல மிட்வைஃப் இருக்கிறார். பகுதி சுகாதார வைத்திய அதிகாரி அலுவலகத்திலோ மாநகரசபையின் தாய்சேய் கிளினிக்கிலோ விசாரித்தால் யார் என்று சொல்வார்கள். எனக்குக் கீழ்வீட்டு அன்ரி கூட்டிக்கொண்டு வந்தார். வெள்ளைச் சேலை, தோளில் ஒரு கருப்புப் பை, வியர்த்து விறுவிறுத்து மூன்று மாடி ஏறி வந்தார். ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டு நாடாவை எடுத்து வயிற்றை அளந்தார், காலில் விரலை அழுத்திக் குழி விழுகிறதா என்று பார்த்தார், பிறகு சமையலறை மேடையில் இருந்த மாத்திரைகளைக் கண்டதும், "இரும்புக் குளிசையை எதோட குடிக்கிறீங்க?" என்று கேட்டார். காலைப் பிளேன்டீயோடு என்றேன். டீ இரும்பை உடம்பில் சேரவிடாதாம், டீக்கும் மாத்திரைக்கும் ஒரு மணி நேரமாவது இடைவெளி வேண்டும், தேசிக்காய்த் (எலுமிச்சை) தண்ணீரோடு குடி, கல்சியத்தை ராத்திரிக்கு மாற்று என்றார். நாலு மாதமாகச் சனல் பண்ணிப் பார்த்த டாக்டர் யாரும் இதைக் கேட்கவில்லை. சமையலறைக்குள் வந்து பார்க்கிறவருக்குத்தானே தெரியும்?

சர்க்கரைப் பரிசோதனை 24 முதல் 28 வாரத்துக்குள் வரும். நம் ஊரில் பல இடங்களில் குளுக்கோஸைக் குடிக்கவைத்து இரண்டு மணி நேரம் கழித்து ஒரு முறை ரத்தம் எடுப்பார்கள். இங்கே வெறும் வயிற்றில் போய், 75 கிராம் குளுக்கோஸ் குடித்து, மூன்று முறை எடுப்பார்கள். காலையிலேயே போய்விடுங்கள், கையில் சாப்பாடு கொண்டுபோங்கள், முடிந்ததும் தலை சுற்றும்.

28 வாரத்துக்குப் பிறகு ஒருக்களித்துப் படுங்கள். குழந்தையின் அசைவைத் தினமும் கவனியுங்கள், உங்கள் குழந்தைக்கு என்று ஒரு வழக்கம் இருக்கும், அது குறைந்தால் நாளைக் காலை பார்க்கலாம் என்று இருக்கவே கூடாது, அன்றைக்கே போங்கள். ரத்தம் பட்டாலும், பனிக்குடம் உடைந்தாலும், தலைவலியோடு கண் மங்கினாலும், 37 வாரத்துக்கு முன்பே விட்டு விட்டு வலித்தாலும் அப்படித்தான். சூட்டு வலியாக இருக்கும் என்று சீரகத் தண்ணீர் குடித்துக்கொண்டு உட்காராதீர்கள்.

டெங்குவை லேசாக எடுக்காதீர்கள். 2017-ல் மட்டும் இந்தத் தீவில் ஒரு லட்சத்து 86 ஆயிரம் பேருக்கு மேல் வந்தது, மேல் மாகாணத்தில்தான் அதிகம். கர்ப்பிணிக்கு வந்தால் தாய்க்கும் பிள்ளைக்கும் ஆபத்து. மே மாதம் மழை தொடங்கினால் பால்கனிச் செடித் தட்டு, ஏசியில் சொட்டும் வாளி எல்லாவற்றையும் கவிழ்த்துவிடுங்கள். காய்ச்சல் வந்தால் முதல் நாளே டாக்டரிடம் போங்கள், பாராசிட்டமோல் தவிர புரூஃபென், ஆஸ்பிரின் எதையும் நீங்களாகப் போடாதீர்கள்.

சாமான் வாங்குவதைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. மருத்துவமனை ஒரு பட்டியல் கொடுக்கும், துணி நாப்பி, துவாய், பஞ்சு என்று எல்லாமே வெள்ளவத்தையில் கிடைக்கும், புறக்கோட்டையில் இன்னும் மலிவு, ஆனால் எட்டாம் மாத வயிற்றோடு அந்தக் கூட்டத்துக்குள் போகாதீர்கள். கடற்கரையோரம் வீடு என்றால் மழைக்காலத்தில் துணி காயவே காயாது, பட்டியலில் ஒரு டஜன் என்றிருந்தால் இரண்டு டஜன் எடுங்கள். ஊரிலிருந்து யாராவது வந்தால் அப்பாவின் பழைய வேட்டி நாலு கொண்டுவரச் சொல்லுங்கள், துவைத்துத் துவைத்து மெத்தென்று ஆன துணிக்கு எந்தக் கடைத் துணியும் ஈடாகாது.

அம்மாவை எப்போது கூப்பிடுவது என்று இன்னொருவர் கேட்டிருந்தார். சுற்றுலா விசா 30 நாள்தான், நீட்டிப்பதற்குக் குடிவரவுத் திணைக்களத்தில் விண்ணப்பிக்க வேண்டும். 37 வாரத்தில் வரவழைத்தால், பிரசவம் தள்ளிப்போய் பத்தியம் போட வேண்டிய நாளில் அம்மா விசா நீட்டிப்பு வேலையில் இருப்பார். 38 முடிந்து வரட்டும், வந்த இரண்டாம் வாரமே நீட்டிப்புக்கு ஏற்பாடு பண்ணுங்கள். அம்மாவால் வர முடியாதவர்கள் கலங்க வேண்டாம். எனக்குக் கீழ்வீட்டு அன்ரிதான் சரக்குத்தூள் இடித்து, மிளகு தூக்கலாகப் பத்தியக்கறி வைத்து, தூக்குச்சட்டியில் கொண்டுவந்து வைப்பார். நம் பூண்டுக் குழம்புக்கும் அதற்கும் வாசனை வேறு, வேலை ஒன்றுதான். பால்சுறாப் புட்டும் இங்கே உண்டு. பெரியவர்கள் யார் வந்தாலும் ஒன்றில் மட்டும் உறுதியாக இருங்கள்: பிறந்த குழந்தை வாயில் தேன், சர்க்கரைத் தண்ணீர், வசம்பு எதுவும் வேண்டாம், கண்ணில் மை வேண்டாம். முதல் ஒரு மணி நேரத்துக்குள் சீம்பால், ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டும்.

காகிதங்களை மட்டும் இப்போதே, வயிறு பெருக்கும் முன்பே எடுத்து வையுங்கள். இங்கே பிறந்ததால் மட்டும் குழந்தைக்கு இலங்கைக் குடியுரிமை கிடைக்காது. இந்தியக் குடியுரிமைக்கு, பிறந்த ஒரு வருடத்துக்குள் இந்தியத் தூதரகமான ஹை கமிஷனில் பதிய வேண்டும், கொழும்பில் அது காலி வீதியில் இருக்கிறது. அதற்கு முன்னால் இங்கே பிறப்புப் பதிவு, 42 நாளுக்குள் முடியுங்கள். பிறகு குழந்தைக்குப் பாஸ்போர்ட், பிறகு விசா. இவை முடியாமல் குழந்தையைக் கூட்டிக்கொண்டு ஊருக்குக் கிளம்ப முடியாது, ஆகவே மூன்றாம் மாதம் குலதெய்வக் கோயிலில் மொட்டை என்று இப்போதே தேதி குறிக்காதீர்கள். எல்லா இடத்திலும் திருமணப் பதிவுச் சான்றிதழ் கேட்பார்கள். மண்டபத்தில் கல்யாணம் பண்ணிவிட்டுப் பதியாமல் விட்டவர்கள் நம்மில் நிறையப் பேர் இருக்கிறோம், அதை விமானத்தில் ஏற முடிகிற மாதத்திலேயே ஊருக்குப் போய் முடியுங்கள்.

பெயரில் கவனம். நாம் இனிஷியல் போட்டே பழகியவர்கள். படிவத்தில் கணவர் பெயரைப் பாஸ்போர்ட்டில் உள்ளபடி முழுதாக, ஒரு எழுத்து மாறாமல் எழுதிக்கொடுங்கள், கையெழுத்துப் போடும் முன் இருவரும் தனித்தனியாக வாசியுங்கள். எங்கள் பதிவில் ஒரு ஆங்கில எழுத்து விட்டுப்போய், அதைத் திருத்த ஆறு வாரம் அலைந்தோம், அந்த ஆறு வாரமும் பாஸ்போர்ட் விண்ணப்பம் நகரவில்லை.

தடுப்பூசி அட்டவணையும் வேறு. காசநோய்க்கான பிசிஜி இங்கேயும் பிறந்தவுடன் போட்டுவிடுவார்கள். ஆனால் ஐந்து நோய்களுக்குச் சேர்த்துப் போடும் பென்டாவேலன்ட் நம் ஊரில் 6, 10, 14 வாரத்தில், இங்கே 2, 4, 6 மாதத்தில். ஊரில் அத்தை "ஒன்றரை மாத ஊசி ஏன் போடல?" என்று பதறுவார், பதில் இதுதான். குழந்தைக்குத் தரும் வளர்ச்சிப் பதிவேட்டை, பெண்ணுக்கு இளஞ்சிவப்பு, ஆணுக்கு நீலம், எங்கே போனாலும் கையோடு எடுத்துப் போங்கள், அதைக் காட்டினால் ஊர் டாக்டர் மிச்சத்தைக் கணக்குப் பண்ணிக்கொள்வார்.

தங்கச்சி, 22 வாரம் என்றால் குழந்தையின் உறுப்புகளைப் பார்க்கும் ஸ்கேன் முடிந்திருக்கும், முடியவில்லை என்றால் நாளைக்கே சனல் பண்ணுங்கள். உங்கள் ஒழுங்கை (சந்து) எது என்று தனியாக எழுதி அனுப்புங்கள், அந்தப் பக்கத்து மிட்வைஃப் யார் என்று கீழ்வீட்டு அன்ரியிடம் கேட்டுச் சொல்கிறேன்.