சூதாட்ட உரிமக் கொள்கை வரைவு: வட்டார விவரக் குறிப்பு எழுதியவர்கள் இருக்கிறீர்களா?

வணக்கம். லண்டனில் எங்கள் கவுன்சில் சூதாட்ட உரிமக் கொள்கையைத் திருத்துகிறது. 2005ஆம் ஆண்டுச் சூதாட்டச் சட்டத்தின் 349ஆவது பிரிவுப்படி மூன்று வருடத்துக்கு ஒருமுறை செய்தே ஆகவேண்டிய வேலை. வரைவு இன்னும் கமிட்டியில்தான். பொதுமக்கள் கருத்துக்கு வருமுன் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடப் பார்க்கிறோம்.

"பெட்டிங் கடை ஏற்கெனவே அதிகம், இனி வேண்டாம்" என்று எழுதிப் பயனில்லை. அதே சட்டத்தின் 153ஆவது பிரிவு, உரிமம் கொடுக்கும் பக்கமே சாய்கிறது. தேவை இருக்கிறதா என்று கவுன்சில் பார்க்கவே கூடாது. ஒழுக்கம் பற்றிய பேச்சும் எடுபடாது. குற்றத் தடுப்பு, நேர்மையான ஆட்டம், சிறுவர் மற்றும் எளிதில் பாதிக்கப்படுவோர் பாதுகாப்பு, சட்டம் சொல்லும் இந்த மூன்று நோக்கங்களில் ஒன்றோடு நாம் சொல்வது ஒட்டவேண்டும்.

அதனால்தான் வட்டார விவரக் குறிப்பு (வட்டாரத்தில் எங்கே என்ன ஆபத்து என்று கவுன்சில் தொகுக்கும் ஆவணம்) முக்கியம். பள்ளிகள், வீடற்றோர் விடுதி, கடன் ஆலோசனை நிலையம், போதை மீட்பு மையம் எல்லாம் வரைபடத்தில் இருந்தால், கடைக்காரர் தம் கடையால் வரக்கூடிய ஆபத்துகளை எழுதித் தரும் இடர் மதிப்பீட்டில் அவற்றுக்குப் பதில் சொல்லியாக வேண்டும். இல்லாவிட்டால் எல்லாக் கிளைக்கும் ஒரே தாளை நகலெடுத்துக் கொடுப்பார்கள்.

எங்கள் தலைவலி மெஷின் கடைகள், அதாவது காசு போட்டுச் சூதாடும் மெஷின்கள் வைத்த கடைகள். பெட்டிங் கடைக்கு இரவு 10 முதல் காலை 7 வரை பந்தயம் கூடாது என்ற வழக்கமான நிபந்தனை உண்டு. பெரியவர்களுக்கான மெஷின் கடைக்கு அப்படி நேரக்கட்டே இல்லை.

உங்கள் கவுன்சில் கொள்கையில் இரவு நேரம், கடையில் ஒரே ஒரு ஊழியர் மட்டும் வேலை பார்ப்பது பற்றிய வாசகம் இருந்தால் அப்படியே இங்கே போடுங்கள். மேல்முறையீட்டில் அது நின்றதா என்பதும் தெரிந்தால் நல்லது.