எக்ஸ்போ 6000 போட்டதும் படம் வரல (4 ராம் ஸ்டிக்), கேஸைத் தொட்டா சுர்ருங்குது

பனச்சமூட்டுத் தம்பி:
அண்ணன்மாரே, ரைசன் 9 9950எக்ஸ், எக்ஸ்870இ மதர்போர்டு, டிடிஆர்5 6000 ராம் 32 ஜிபி நாலு (ரெண்டு பாக்கெட், தனித்தனியா வாங்கினது), 1000 வாட் பவர் சப்ளை. பத்து வருஷம் ஓட்டணும்னு சேர்த்தது. மூணு நாள் ராம் 3600 வேகத்துல நல்லா ஓடிச்சு. பயாஸ்ல எக்ஸ்போவை (ராமை பாக்கெட்ல போட்ட வேகத்துக்கு ஏத்துற செட்டிங்) ஆன் பண்ணினேன், படம் போச்சு. பேன் சுத்துது, மதர்போர்டுல ராம் கோளாறைக் காட்டற டிராம் லைட் மஞ்சளா நிக்குது. ரெண்டு நிமிஷத்துக்கு ஒருக்க ஆஃப் பண்ணி ஆன் பண்ணிப் பாக்கேன். பின்பக்க ஸ்க்ரூவைத் தொட்டா சுர்ருங்குது. ராம் போச்சா?

குழித்துறை ஆத்தங்கரை:
ராம் போகல தம்பி. ஏஎம்டி இந்தச் சிப்புக்குச் சொல்ற கணக்கே ரெண்டு ஸ்டிக்னா 5600, நாலுன்னா 3600. பாக்கெட்ல போட்டிருக்கற 6000 அந்த ரெண்டு ஸ்டிக் ஜோடிக்கு மட்டும். ஒரே மாடல்னாலும் ரெண்டு பாக்கெட்ல உள்ள சிப் வேற வேறயா இருக்கலாம்.

பிளக்கைக் கழட்டு. மதர்போர்டுல பயாஸ் செட்டிங்கை அழிக்கற சிமாஸ் கிளியர் பின் ரெண்டையும் ஸ்க்ரூடிரைவர் நுனியால 10 செகண்ட் சேத்துப் பிடி. ஒரு பாக்கெட் ஸ்டிக் ரெண்டை மட்டும் ஏ2, பி2 ஸ்லாட்ல போடு, பிராசசர்ல இருந்து எண்ணினா 2, 4. ஆன் பண்ணிட்டு 15 நிமிஷம் தொடாதே. மெமரி டிரெய்னிங் (போர்டு ராமைச் சோதிச்சு ஒத்துப்போக வைக்கறது) நடக்கும்போது திரை இருட்டாத்தான் இருக்கும். நீ நடுவுல ஆஃப் பண்றதால ஒவ்வொரு தடவையும் முதல்ல இருந்து தொடங்குது.

படம் வந்தா எக்ஸ்போ போடு, பயாஸ்ல எஸ்ஓசி வோல்டேஜ் (பிராசசர்ல ராமைக் கவனிக்கற பகுதிக்குப் போற வோல்ட்) 1.3-ஐத் தாண்டாமப் பாரு. ராத்திரி மெம்டெஸ்ட்86-ன்னு ராமைச் சோதிக்கற புரோகிராம் நாலு சுத்து விடு. ஒரு எரர் வந்தாலும் 5600-க்கு இறக்கு. 128 ஜிபி வேணுமேன்னா நாலையும் போட்டு 3600-லயே ஓட்டு. வேகமும் வேணும்னா 48 ஜிபி ரெண்டு உள்ள ஒரே கிட், 96-ல நில்லு.

மேல்புறம் ஒயரிங்:
எனக்கு ராமை விட அந்தச் சுர்ருதான் பெரிசு. பவர் சப்ளை உள்ள பில்டர் கெபாசிட்டர் இருக்கு, எர்த் இல்லேன்னா கேஸ்ல பாதி கரண்ட், 115 வோல்ட் பக்கம் நிக்கும். மல்டிமீட்டரை ஏசி 750-ல வச்சு, கம்ப்யூட்டர் பிளக்ல இருக்கும்போதே அதே சுவிட்ச் போர்டுல பக்கத்து சாக்கெட்ல நியூட்ரலுக்கும் மேல பெரிய ஓட்டைக்கும் (எர்த்) அளந்து சொல்லு. 2, 3 வோல்ட்டுக்குள்ள இருக்கணும்.

பனச்சமூட்டுத் தம்பி:
ரெண்டு ஸ்டிக்ல 6 நிமிஷத்துல படம் வந்துட்டு அண்ணே. எக்ஸ்போ 6000-லயும் ஓடுது, மெம்டெஸ்ட் ராத்திரி விடுறேன். மீட்டர்ல 94.

மேல்புறம் ஒயரிங்:
94-ன்னா எர்த் கம்பி எங்கயோ விட்டுக் கிடக்கு. அதே கம்பியில மாட்டின பிரிட்ஜ் பாடிக்கும் அந்த வோல்ட் வரும், பிள்ளைங்க இருக்கற வீடு. சாக்கெட், டிபி (பியூஸ் பெட்டி), எர்த் குழி மூணு இடத்துலயும் இணைப்பை எலக்ட்ரீஷியனைப் பாக்கச் சொல்லு. நம்ம பக்கம் வெட்டுகல் மண்ணு, பங்குனியில காஞ்சு குழி வேலை செய்யாமப் போகும். வாரம் ரெண்டு குடம் தண்ணி ஊத்தணும். சரியாகற வரைக்கும் பிளக்கையும் நெட் கேபிளையும் கழட்டியே வை.