கடற்கரைக் காணி: விற்கவும் வாங்கவும் முன் ஒரு கதை

வெளிநாட்டில் இருக்கிற அன்பான ஊரவர்களுக்கு,

போன கிழமை ஒரு தம்பி நம் குழுவில் எழுதியிருந்தார், மட்டக்களப்பில் கல்குடா, பாசிக்குடாப் பக்கம் கடற்கரைக் காணியை எல்லாம் கொழும்புக்காரர் போன்ற வெளியாட்கள் வளைத்துப் போடுகிறார்கள் என்று. அவர் கொதித்ததில் பிழையில்லை. 2009இல் சண்டை முடிந்த பிறகு பாசிக்குடாவில் ஹோட்டல்கள் வரிசையாக எழும்பின, தோணி ஏற்றிய மணலில் சாய்வுக் கதிரை போட்டார்கள். கரைவலைக்கு நீளமான வெறுங்கரை வேண்டும், இரண்டு பக்கமும் ஆட்கள் நின்று இழுக்க வேண்டும். கரை போனால் வலை இழுக்கிற பாடும் போச்சு. வேலை வரும் என்றார்கள். வந்ததுதான், முற்றம் கூட்டவும் துணி துவைக்கவும். நல்ல சம்பளத்துக்கு வேறிடத்து ஆட்கள். (நம் வீடுகளில் பெண் பிள்ளைகளை ஹோட்டல் வேலைக்கு விட மனமில்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.) வாழைச்சேனைக் கடதாசி ஆலை ஒழுங்காக ஓடிய காலத்து மாதச் சம்பளக் குடும்பங்களை நினைத்தால் வயிறு எரிகிறது.

சரி, ஆனால் தம்பியின் கடிதத்தில் ஒரு ஆளை மட்டும் காணவில்லை. காணியை விற்ற ஆள். காணி உறுதியில் (பத்திரத்தில்) பெயர் இருக்கிற கொஞ்சப் பேராவது இந்தக் குழுவில் இருக்கிறோம். அக்காவின் மகனுக்கு நமக்காகக் கையெழுத்து வைக்க அற்றோணித் தத்துவம் எழுதிக் கொடுத்துவிட்டு, புரோக்கர் வாட்ஸ்அப்பில் அனுப்பும் விலையைப் பார்த்து "ஓம், கொடு" என்று சொல்லுவது நாங்கள்தான். வாங்குவதும் நாங்கள்தான். பென்ஷன் எடுத்த பிறகு வந்து இருப்போம் என்று சுவிஸ் பிராங்கிலும் இங்கிலாந்துப் பவுணிலும் கணக்குப் பார்த்து வாங்கி, கம்பி வேலி அடித்துவிட்டு வந்துவிடுகிறோம். உள்ளே பற்றை. பக்கத்து வளவின் விலை மட்டும் ஏறிவிடுகிறது.

நம் பக்கத்தில் வீடு வளவு பெண் பிள்ளைக்குத்தான். மூத்தவளுக்கு இருக்கிற வீட்டைக் கொடுத்துவிட்டுத் தாய் தகப்பன் பக்கத்தில் கொட்டில் போட்டு ஒதுங்குவார்கள், இளையவளுக்கு அடுத்த வளவு. கடலுக்குப் போகிற மனிசன் இன்றைக்கு அந்த அடுத்த வளவை எங்கே வாங்குவது? ஒரு பேர்ச் (காணி அளவு) விலையைச் சொன்னாலே எழும்பிப் போய்விடுவார். அவருடைய மகளுக்குக் கல்யாணம் தள்ளிப் போவதற்குக் கொழும்புக்காரன் மட்டும் காரணமில்லை.

இன்னொன்று. 2014ஆம் ஆண்டின் 38ஆம் இலக்கச் சட்டப்படி இலங்கையில் வெளிநாட்டுப் பிரஜைக்குப் பொதுவாகக் காணியைச் சொந்தமாக எழுத முடியாது. இரட்டைப் பிரஜாவுரிமை எடுக்காமல் கனடா, சுவிஸ் கடவுச்சீட்டோடு மட்டும் இருப்பவர்கள், காணி வாங்குகிற விடயத்தில் சட்டத்தின் கண்ணுக்கு வெள்ளைக்காரனோடு ஒன்றுதான். அப்புறம், அரசாங்கம் பேர்மிட்டில் (அனுமதிப் பத்திரத்தில்) கொடுத்த காணியை வெறும் தாளில் எழுதி விற்கிற ஆட்களிடம் காசைக் கொடுத்துவிட்டுச் நம் ஊர்ச் சங்கத்திடம் முறையிட வராதீர்கள். 1935ஆம் ஆண்டுக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் கொடுத்த காணி அது, நினைத்தபடி கைமாற்ற ஏலாது.

நான் கேட்பது இவ்வளவுதான்: விற்கத்தான் வேண்டுமென்றால் முதலில் ஊருக்குள் கேளுங்கள், தவணைக்குக் கொடுங்கள். சும்மா கிடக்கிற காணியில் மீன்பிடிக்கிற ஆட்கள் வாடி (கொட்டில்) போட, வலை காய வைக்க விடுங்கள், எழுத்தில் வைத்துக்கொண்டு. சங்கக் காசில் விருந்தினர் விடுதி கட்டலாம் என்று நம்மில் சிலர் சொல்லுகிற யோசனைக்கு நான் எதிர். அந்தக் காசில் ஊர்ப் பிள்ளை ஒன்றுக்கு வளவு வாங்கலாம்.

செயலாளர் இதை அடுத்த கூட்டத்தில் எடுக்க வேண்டும். ஏசுகிற அண்ணாமார் தனி மடலில் ஏசுங்கள், குழுவில் சின்னப் பிள்ளைகளும் இருக்கிறார்கள்.