நியூயார்க் குயின்ஸில் குற்ற வழக்கும் இமிகிரேஷனும் சேர்த்துத் தெரிந்த வக்கீல் யாராவது?

அக்கா மகன் கிரீன் கார்டில் இருக்கிறான். கடையில் ஹெட்போன் எடுத்ததாக வழக்கு, தாளில் 155.25 (நியூயார்க் சட்டத்தில் சிறு திருட்டுப் பிரிவு) என்று போட்டிருக்கிறது. வியாழக்கிழமை வாய்தா. "ஒத்துக்கொள், ஜெயில் கிடையாது" என்கிறார் அவன் வக்கீல். இமிகிரேஷனைப் பாதிக்குமா என்றால், "அது வேறு டிபார்ட்மென்ட்" என்கிறார்! நாடு கடத்தும் ஆபத்தைக் கட்சிக்காரருக்குச் சொல்ல வேண்டியது வக்கீலின் கடமை என்று 2010-லேயே படில்லா வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் சொல்லியாயிற்று.

திருட்டுக்கு ஒரு வருடத் தண்டனை, நிறுத்திவைத்தாலும்கூட, நாடு கடத்தப் போதும். முழு வருடத்துக்கு ஒரு நாள் குறைய வேண்டும் என்றுதான் 2019-ல் நியூயார்க் சின்னக் குற்றங்களுக்கான உச்சத் தண்டனையை 364 நாளாக்கியது. அப்புறமும் எனக்குப் பயம்தான்.

இமிக்ரன்ட் டிஃபென்ஸ் ப்ராஜெக்ட் (குடியேறியவர்களுக்குச் சட்ட உதவி தரும் அமைப்பு) ஹாட்லைனில் பேசியவர்கள் உண்டா? எத்தனை நாளில் திருப்பிக் கூப்பிடுவார்கள்? இன்பாக்ஸில் சொல்லுங்கள். அக்காவுக்கு இன்னும் தெரியாது.