செஸ்ஸில் யூதர்கள் இவ்வளவு பேர் முன்னணிக்கு வந்தது எப்படி?

கொடுங்கையூர் ஆசிரியர்:

அனைவருக்கும் வணக்கம். கொடுங்கையூரில் ஞாயிறுதோறும் பள்ளிப் பிள்ளைகளுக்குச் செஸ் கற்றுக்கொடுத்து வருகிறேன். உலக சாம்பியன்களின் வரலாற்றைச் சொல்லிக்கொண்டிருந்தபோது, முதல் இரண்டு சாம்பியன்களான ஸ்டைனிட்ஸ், லாஸ்கர் இருவரும் யூதர்கள் என்றும், பின்னால் வந்த போட்வின்னிக்கும் தாலும் யூதர்களே என்றும், ஃபிஷரின் தாயும் காஸ்பரோவின் தந்தையும் யூதர்கள் என்றும் சொன்னேன். பிள்ளையை அழைத்துப்போக வந்திருந்த ஒரு தந்தை, "அது அவர்கள் ரத்தத்திலேயே இருக்கிறது சார், நம் பிள்ளைகளுக்கு எங்கே வரும்" என்று சொல்லிவிட்டார். அவர் அதை வருத்தத்தோடுதான் சொன்னார். உலக மக்கள்தொகையில் அரை விழுக்காடுகூட இல்லாத ஒரு சமூகம் ஓர் ஆட்டத்தில் இவ்வளவு பெயர்களைத் தந்ததற்கு வரலாற்றிலும் பண்பாட்டிலும் என்ன காரணங்கள் இருந்தன என்பதை அவருக்கும் பிள்ளைகளுக்கும் விளங்கும்படி சொல்ல விரும்புகிறேன். வரலாறு படித்தவர்கள் உதவ வேண்டும்.

மண்ணடி வாசகன்:

ஐயா, அந்தத் தந்தையின் கருத்தைக் காலக்கணக்கை வைத்தே சோதித்துப் பார்க்கலாம். யூதர்களின் பெயர்கள் செஸ்ஸில் அடுக்கடுக்காக வருவது ஏறத்தாழ 1850க்குப் பிறகுதான். அதற்கு முன் பல நூற்றாண்டுகள் ஐரோப்பாவில் யூதர்களும் வாழ்ந்தார்கள், செஸ்ஸும் ஆடப்பட்டது. ஆனால் ஸ்பெயினின் ரூய் லோபஸ், பிரான்சின் பிலிடோர் போன்ற அக்காலப் பெரிய ஆட்டக்காரர்கள் யூதர்கள் அல்லர். ரத்தம் காரணம் என்றால் அது ஏன் 19ஆம் நூற்றாண்டு வரை காத்திருந்தது என்பதற்கு அந்தக் கருத்தில் பதில் இல்லை.

இடத்தை வைத்தும் சோதிக்கலாம். யெமனிலும் மொரோக்கோவிலும் நம் பக்கத்துக் கொச்சியிலும் யூதர்கள் நூற்றாண்டுக்கணக்கில் வாழ்ந்து, அதே வேதத்தைப் படித்தார்கள். நம் ஜார்ஜ் டவுனின் பவளக்காரத் தெருவிலேயே 17ஆம் நூற்றாண்டில் போர்ச்சுகீசியப் பூர்விகம் கொண்ட யூத வணிகர்கள் இருந்து, ஐரோப்பாவிலிருந்து பவளத்தை வரவழைத்து, கோல்கொண்டாவின் வைரத்தை அனுப்பிவந்தார்கள். அவர்களுடைய இடுகாடு தங்கசாலைப் பக்கம் இருந்தது. இந்தச் சமூகங்கள் எதிலிருந்தும் உலக சாம்பியன் வரவில்லை. பெயர்கள் எல்லாம் பிராகா, பெர்லின், வியன்னா, வார்சா, ரீகா என்று ஒரு குறிப்பிட்ட நிலப்பரப்பிலும், ஒரு குறிப்பிட்ட நூறு நூற்றைம்பது ஆண்டுகளிலும் குவிகின்றன. ஆகவே அங்கே அப்போது என்ன நடந்தது என்பதுதான் கேள்வி.

18ஆம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து மத்திய ஐரோப்பாவில் யூதர்களை ஒதுக்கி வைத்திருந்த சட்டங்கள் ஒவ்வொன்றாகத் தளர்ந்தன. தலைமுறை தலைமுறையாக நிலம் வாங்கவும் கைவினைஞர் சங்கங்களில் சேரவும் தடை இருந்ததால், அவர்கள் பெரும்பாலும் நகரங்களிலும் சிற்றூர்ச் சந்தைகளிலும் வணிகத்தையும் எழுத்துவேலையையும் நம்பி வாழ்ந்தவர்கள். கதவு பாதி திறந்தவுடன் இளைஞர்கள் வேதபாடசாலையை விட்டுப் பெருநகரங்களுக்கு வந்தார்கள். ஆனால் அரசுப் பதவி, படை அதிகாரம், பல்கலைக்கழகப் பேராசிரியர் பணி ஆகியவை பல இடங்களில் நடைமுறையில் மூடியே இருந்தன. ரஷ்யப் பேரரசில் 1887இல் கல்விநிலையங்களில் யூத மாணவர்களுக்கு உச்சவரம்பு வந்தது: அவர்கள் வசிக்க அனுமதிக்கப்பட்ட மேற்குப் பகுதிகளில் 10 விழுக்காடு, வெளியே 5, மாஸ்கோவிலும் பீட்டர்ஸ்பர்கிலும் 3. படித்த, ஆனால் இடம் கிடைக்காத இளைஞர்கள் நிறையப் பேர் உருவானார்கள்.

இவர்கள் போய் உட்கார்ந்த இடம் காபிக்கடை. வியன்னாவின் கஃபே சென்ட்ரலிலும் பாரிஸின் கஃபே த லா ரேஜான்சிலும் ஒரு கோப்பை காபிக்குப் பணம் கொடுத்தால் போதும்; பலகை உண்டு, எதிராளி உண்டு, பந்தயக் காசும் உண்டு. யாரும் சாதிச்சான்று கேட்பதில்லை என்று நம் மொழியில் சொல்லலாம். ஸ்டைனிட்ஸ் பிராகாவின் யூதச் சேரியில் ஒரு தையற்காரருக்கு 1836இல் பிறந்தவர். கணிதம் படிக்க வியன்னாவுக்கு வந்து, படிப்பைத் தொடர முடியாமல், காபிக்கடை ஆட்டத்தில் பிழைத்தவர். 1886இல் சூக்கர்டோர்ட்டை வென்று முதல் அதிகாரபூர்வ உலக சாம்பியன் ஆனார். 1900இல் நியூயார்க்கில் வறுமையில் இறந்தார். லாஸ்கரின் தந்தை தொழுகைக்கூடத்தில் பாடல் ஓதுபவர். பள்ளிப்படிப்புக்காகப் பெர்லினுக்கு அனுப்பப்பட்ட சிறுவன், அண்ணனிடம் செஸ் கற்று, காபிக்கடைகளில் ஆடிச் செலவுக்குச் சம்பாதித்தான். 1894 முதல் 1921 வரை 27 ஆண்டுகள் பட்டத்தை வைத்திருந்த அந்த மனிதர், கணிதத்தில் முனைவர் பட்டம் பெற்றும் பல்கலைக்கழகத்தில் நிரந்தரப் பணி பெறவில்லை.

செஸ்ஸில் முடிவைத் தீர்மானிப்பது நடுவரின் விருப்பமோ பரிந்துரைக் கடிதமோ அல்ல. உள்ளூர் மொழியில் உச்சரிப்புச் சுத்தம் தேவையில்லை. மூலதனம் தேவையில்லை. பிறப்பு காரணமாக மற்ற இடங்களில் தடுக்கப்பட்டவனுக்கு இதைவிட நேர்மையான களம் அன்று அரிது என்பதே என் எண்ணம்.

பெரம்பூர் தமிழாசிரியை:

மண்ணடி அண்ணன் சொல்வதில் பெரும்பகுதியை ஏற்கிறேன். ஆனால் மூடிய கதவுகளை மட்டும் காரணமாகச் சொல்வது போதாது. ஐரோப்பாவில் ஒதுக்கப்பட்ட சமூகங்கள் வேறும் இருந்தன. ஜிப்சிகள் என்று அழைக்கப்பட்ட ரோமா மக்களுக்கும் நிலமில்லை, சங்கமில்லை. அவர்களிடமிருந்து ஏன் செஸ் வீரர்கள் இந்த எண்ணிக்கையில் வரவில்லை?

யூதச் சமூகத்தில் ஆண்பிள்ளை ஒவ்வொருவனும் வேதத்தை வாசிக்கக் கற்க வேண்டும் என்பது சமயக் கடமை. மற்ற ஐரோப்பியச் சிற்றூர்களில் பெரும்பாலோர் கையெழுத்துப் போடத் தெரியாமல் இருந்த காலத்திலும் ஏழை யூதத் தையற்காரரின் மகன் எழுத்துக்கூட்டி வாசித்தான். அதைவிட முக்கியம், படித்த முறை. தால்முத் என்னும் உரைத்தொகுப்பை இருவர் எதிரெதிரே அமர்ந்து, ஒருவர் சொன்ன முடிவை மற்றவர் மறுத்து, "அப்படியானால் இந்த இடத்தில் என்ன செய்வாய்" என்று கேட்டுக் கேட்டே படிப்பார்கள். தொல்காப்பியத்துக்கு இளம்பூரணர் எழுதிய உரையை நச்சினார்க்கினியர் மறுத்துப் போகும் இடங்களைப் பாடம் சொன்னவர்களுக்கு அந்த இன்பம் தெரியும். அகிபா ரூபின்ஸ்டீன் போலந்தின் ஸ்டாவிஸ்கி என்னும் சிற்றூரில் ராபிகள் (யூத மதகுருமார்) வழிவந்த குடும்பத்தில் பிறந்து, வேதபாடசாலையில் படித்துக்கொண்டிருந்தவர். செஸ்ஸை வளரிளம் பருவத்தில்தான் கற்றார். இன்றைய அளவுகோலில் மிகத் தாமதம். ஆனாலும் 1912 என்ற ஒரே ஆண்டில் ஐந்து பெரிய போட்டிகளில் முதலிடம் பெற்றார். வரி வரியாக ஒரே இடத்தில் மணிக்கணக்கில் மனத்தை நிறுத்தும் பழக்கம் அவருக்குப் பலகைக்கு வருமுன்னரே வந்துவிட்டது என்று நம்புவதில் தவறில்லை.

செஸ்ஸைப் பற்றி எழுதியவர்களையும் பாருங்கள். ஸ்டைனிட்ஸ் சிறு சிறு சாதகங்களைச் சேர்ப்பது பற்றிக் கோட்பாடு வகுத்தார். டாராஷ் அதை விதிகளாக்கினார். நிம்சோவிட்ச் அந்த விதிகளை ஒவ்வொன்றாக எடுத்துத் தாக்கினார். ரெட்டி பலகையின் மையத்தைத் தூரத்திலிருந்து காய்களால் அடக்கலாம் என்றார். நால்வரும் யூதக் குடும்பங்களில் பிறந்தவர்கள், டாராஷ் பின்னாளில் கிறித்தவரானார். ஆட்டத்தோடு நில்லாமல், ஏன் அப்படி ஆட வேண்டும் என்று உரை எழுதிச் சண்டை போட்ட தலைமுறை அது.

இன்னொன்று. சூதாட்டத்தைக் கண்டித்த ராபிகள்கூடப் பணம் வைக்காத செஸ்ஸைப் பெரும்பாலும் பொறுத்துக்கொண்டார்கள். ஓய்வுநாளில் ஆடலாமா என்றே தனி விவாதங்கள் உண்டு. பிள்ளை பலகையின் முன் உட்கார்ந்தால் வீட்டில் அடி விழவில்லை. நம் வீடுகளில் சீட்டுக்கட்டுக்கும் செஸ் பலகைக்கும் கிடைக்கும் மரியாதை வேறுபடுவதை நினைத்துக்கொள்ளுங்கள்.

காசிமேடு ரசிகன்:

குத்துச்சண்டையைப் பற்றி யாரும் பேசவில்லையே. 1920களிலும் 30களிலும் அமெரிக்கக் குத்துச்சண்டையில் யூதர்கள் முன்னணியில் இருந்தார்கள். பென்னி லெனர்ட் 1917 முதல் 1925 வரை இலகு எடைப்பிரிவின் உலக சாம்பியன். பார்னி ராஸ் 30களில் மூன்று எடைப்பிரிவுகளில் பட்டம் வென்றவர். நியூயார்க், சிகாகோ நகரங்களின் குடியேறிகள் தெருக்களில் வளர்ந்தவர்கள் இவர்கள். அடுத்த தலைமுறை கல்லூரிக்குப் போனதும் அந்தப் பெயர்கள் மேடையிலிருந்து மறைந்தன. ஒரே சமூகம், ஒரே ரத்தம். தெரு மாறியதும் விளையாட்டும் மாறிவிட்டது. பரம்பரைகள் மோதிய குத்துச்சண்டை மேடைகளைக் கண்ட வடசென்னைக்காரர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. அந்தத் தந்தையிடம் இதைச் சொல்லுங்கள் சார். தால்முத்தைவிடச் சீக்கிரம் புரியும்.

கொடுங்கையூர் ஆசிரியர்:

மூவருக்கும் நன்றி. ஒரு துணைக்கேள்வி. தமிழாசிரியை அம்மா சொல்லும் படிப்பு மரபும் அண்ணன் சொல்லும் காபிக்கடையும் 1917க்குப் பின் ரஷ்யாவில் இரண்டுமே குலைந்துபோயின அல்லவா? வேதபாடசாலைகள் மூடப்பட்டன, காபிக்கடைப் பந்தயமும் இல்லை. அப்படியிருக்க, போட்வின்னிக், பிரான்ஸ்டீன், தால் ஆகியோர் சோவியத் நாட்டிலிருந்து எப்படி வந்தார்கள்?

மண்ணடி வாசகன்:

நல்ல கேள்வி ஐயா. காபிக்கடையின் இடத்தை அங்கே அரசு எடுத்துக்கொண்டது. 1924 முதல் போல்ஷெவிக் தலைவர் கிரிலென்கோவின் தலைமையில் செஸ் அரசுப் பொறுப்பில் வளர்க்கப்பட்டது. தொழிற்சங்க மன்றங்களிலும் சிறுவர் மாளிகைகளிலும் இலவசமாகப் பயிற்சி கிடைத்தது. 1925இல் லெனின்கிராட்டில் அன்றைய உலக சாம்பியன் கபபிளாங்கா பலரோடு ஒரே நேரத்தில் ஆடியபோது அவரை வென்றவர்களில் ஒருவன் 14 வயதுப் போட்வின்னிக். பேரரசின் வசிப்பிடத் தடை 1917இல் நீங்கியதும் யூதக் குடும்பங்கள் பெருநகரங்களுக்குப் பெருமளவில் குடிபெயர்ந்திருந்தன. ஆகவே அரசு மன்றங்களைத் திறந்த நேரத்தில், படிப்பை மதிக்கும், நகரத்துக்குப் புதிய, முன்னேறத் துடிக்கும் குடும்பங்களின் பிள்ளைகள் அந்த வாசலில் நின்றார்கள். ஸ்டாலினின் கடைசி ஆண்டுகளில் யூதர்கள்மீது கெடுபிடி கூடியபோதும், வரலாறு, இலக்கியம் போன்ற துறைகளைவிடச் செஸ்ஸில் அரசியல் குற்றம் கண்டுபிடிப்பது கடினம். நகர்த்தல் சரியா தவறா என்பதற்குக் கட்சியின் தீர்மானம் தேவையில்லை. அதே ஏற்பாட்டில்தான் ஸ்மிஸ்லோவ், ஆர்மீனியரான பெட்ரோசியான், ஸ்பாஸ்கி, கார்ப்போவ் ஆகியோரும் வந்தார்கள் என்பதை மறக்கக் கூடாது.

போலந்தில் நடந்தது இதற்கு நேர்மாறு. 1930இல் ஹாம்பர்க் ஒலிம்பியாடில் ரூபின்ஸ்டீனும் டார்டகோவரும் ஆடிய போலந்து அணி தங்கம் வென்றது. அந்த அணியின் பிரசேபியூர்கா 1940இல் நாஜிகளால் கொல்லப்பட்டார். 1939இல் புவனோஸ் ஐரெஸ் ஒலிம்பியாட் நடந்துகொண்டிருந்தபோது போர் மூண்டதால் அர்ஜென்டினாவிலேயே தங்கிய நஜ்தோர்ப், தன் குடும்பத்தை இழந்தார். கண்ணைக் கட்டிக்கொண்டு பல பலகைகளில் ஆடிச் சாதனை படைத்தால் செய்தித்தாள் வழியாக உறவினர் எவருக்காவது தான் உயிரோடிருப்பது தெரியவரும் என்று அவர் நம்பியதாகச் சொல்வார்கள். ஆட்கள் அழிக்கப்பட்டபோது போலந்தின் செஸ்ஸும் வீழ்ந்தது. "யூதச் செஸ் கோழைத்தனமானது, ஆரியச் செஸ் வீரமானது" என்ற பொருளில் 1941இல் அன்றைய உலக சாம்பியன் அலெகினின் பெயரில் கட்டுரைகள் வெளிவந்ததும் அந்தக் காலத்தில்தான். ரத்தத்தைக் காரணம் காட்டும் பேச்சு புகழ்ச்சியாகத் தொடங்கினாலும் எந்தப் பக்கமும் திரும்பும் என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

சென்னைக்கு வருவோம். 1972இல் மானுவல் ஆரோன் முயற்சியால் சோவியத் பண்பாட்டு மையத்தில் மிகைல் தால் பெயரில் ஒரு மன்றம் தொடங்கியது. சிறுவன் ஆனந்த் அங்கே போய் ஆடியவர். ரீகாவின் ஒரு யூத மருத்துவரின் மகன் பெயரில் சென்னையில் ஒரு மன்றம், அதற்கு இடம் கொடுத்தது மாஸ்கோ அரசு! அதே ஆனந்த் 2012இல் மாஸ்கோவில் பட்டத்தைக் காத்துக்கொண்டது, மின்ஸ்கிலிருந்து இஸ்ரேலுக்குக் குடிபெயர்ந்த கெல்ஃபாண்டை வென்றுதான். இன்று இந்தியாவின் கிராண்ட்மாஸ்டர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவர் தமிழ்நாட்டுக்காரர். இதற்குத் தமிழ் ரத்தம் என்று எவரும் காரணம் சொன்னால் சிரிப்போம் அல்லவா?

பெரம்பூர் தமிழாசிரியை:

அண்ணா, ஒரு வேறுபாட்டையும் குறிப்பிட வேண்டும். அன்றைய செஸ் ஏழைக்கு மலிவான ஆட்டம், இன்று அப்படியில்லை. பயிற்சியாளர் கட்டணம், ரேட்டிங் போட்டிகளுக்கான பயணம், கிராண்ட்மாஸ்டர் பட்டத்துக்குத் தகுதி தேடும் வெளிநாட்டு நார்ம் போட்டிகள் என்று செலவு ஏறிவிட்டது. குகேஷின் தந்தை மகனோடு பயணிக்கத் தம் மருத்துவத் தொழிலையே நிறுத்திவைத்தார். வடசென்னைப் பிள்ளைகளுக்கு வியன்னாக் காபிக்கடைபோல் இருப்பது இன்றும் கேரம் பலகைதான். வியாசர்பாடி இளவழகி 2008இலும் புதுவண்ணாரப்பேட்டைக் காசிமா 2024இலும் உலகப் பட்டங்களைக் கொண்டுவந்தது தெருமுனை மன்றங்களின் பலத்தில். கொடுங்கையூர் ஐயா இலவசமாக வகுப்பு நடத்துவதை அந்த வரிசையில் வைத்துத்தான் பார்க்கிறேன்.

பிள்ளைகளுக்கு, 1907இல் வூட்ஜ் நகரில் ரோட்லெவியை ரூபின்ஸ்டீன் வென்ற ஆட்டத்தைப் போட்டுக் காட்டுங்கள். கறுப்புக் காய்களோடு ஆடிய ரூபின்ஸ்டீன் 22ஆவது நகர்த்தலில் ராணி வெட்டுப்படும் நிலையிலேயே விட்டுவிட்டு யானையால் குதிரையை வெட்டுகிறார். அடுத்த நகர்த்தலைப் பிள்ளைகளே சொல்லட்டும். அந்தத் தந்தையையும் உட்காரச் சொல்லுங்கள்.