பொருள்: ஹவுஸ், ரெக்னோ இரண்டுக்கும் சொல் வேண்டும், வியாழனுக்குள்

கிளிநொச்சியிலிருந்து, திங்கள் இரவு:

எல்லாருக்கும் வணக்கம். ஒலியமைப்புப் பயிற்சி வகுப்புக்கான கைந்நூலைத் தமிழாக்குகிறேன் என்று போன மாதம் எழுதியிருந்தேன். மூன்று அத்தியாயம் முடிந்தது. நாலாவது, ஹவுஸ் (house), ரெக்னோ (techno) என்ற நடன இசை வகைகள். அங்கேதான் வண்டி புதைந்துவிட்டது. வியாழன் பின்னேரம் அச்சகத்துக்குக் கொடுக்க வேண்டும்.

சொல் மட்டும் பிரச்சினை என்றால் பரவாயில்லை. ஹவுஸ் எங்கே முடிகிறது, ரெக்னோ எங்கே தொடங்குகிறது என்று எனக்கே கோடு போடத் தெரியவில்லை. இன்று வகுப்பில் இரண்டையும் அடுத்தடுத்துப் போட்டுக் காட்டினேன். 14 பேர். எல்லாரும் கோயில் திருவிழாவுக்கும் சாமத்திய வீட்டுக்கும் ஒலிபெருக்கிப் பெட்டி கட்டுகிறவர்கள், காது கூர்மை. ஒவ்வொரு அடிக்கும் தகரக் கூரை ஆணியோடு சேர்ந்து கிர்ர் என்றது. ஒருவன் 18 அங்குலப் பெட்டியின் மேல் ஐந்து ரூபாய்க் குற்றி ஒன்றை வைத்தான். இரண்டு பாட்டுக்கும் குற்றி ஒரே மாதிரித்தான் துள்ளியது. "சேர், ரெண்டும் ஒண்டுதானே?" என்றான். பின்வாங்கிலிருந்த பிள்ளை ஒருத்தி மட்டும் சொன்னாள்: "முதலாவதில ஆரோ பாடப் போகினம் எண்டு இருக்கு, பாடினம். ரெண்டாவதிலயும் பாடப் போகினம் மாதிரித்தான் இருக்கு, கடைசிமட்டும் பாடேல்லை."

கைந்நூலில் இருக்கிற வரைவிலக்கணம் இந்த அளவுக்கு இல்லை.

என் முதல் முயற்சி: மனையிசை, பொறியிசை. கல்லெறியலாம்.

முள்ளியவளையிலிருந்து, செவ்வாய் அதிகாலை:

தம்பி, மனையிசை என்றதும் மனைப் பொருளியல் பாடத்தில் தையலுக்கும் சமையலுக்கும் நடுவில் இருக்கிற ஓர் அலகு போலத் தெரிகிறது. அதை இல்லிசை என்று சுருக்கவும் எண்ணாதே. 'இல்' வீட்டையும் குறிக்கும், இன்மையையும் குறிக்கும். இல்லிசை என்றால் இசையே இல்லை என்று பொருள் கொள்ள இடமுண்டு. உன் பெட்டிகளைப் பற்றி என் வீட்டுக்காரியின் கருத்தும் அதுதான்.

பொறியிசை வேண்டாம். அகராதியில் ஐம்பொறி உண்டு, தீப்பொறி உண்டு, எலிப்பொறியும் உண்டு. எங்கள் பக்கத்தில் அந்தச் சொல்லைக் கேட்டால் முதலில் பொறிவெடிதான் நினைவுக்கு வரும். மண்டையோடு கீறிய சிவப்புப் பலகையைத் தாண்டிப் பள்ளிக்கூடம் போய் வளர்ந்த பிள்ளைகளுக்கு இதைச் சொல்லிக்கொடுக்காதே.

சரி, இனி வேர். ரெக்னோவின் அடி கிரேக்கத்து 'தெக்னே': கைத்திறன், கலை. அதே கிரேக்கத்தில் 'தெக்தோன்' என்றால் மரவேலை செய்பவன். வடமொழியில் 'தக்ஷன்', அவனும் அதே ஆள்தான். நம் தச்சன் அங்கிருந்து வந்தான் என்பார்கள். நான் உடன்படேன். தைத்துப் பொருத்துகிறவன் தைச்சன், தைச்சன் தச்சனானான். ஆக இந்தச் சொல் எங்கள் முற்றத்து மாமரம். கிளை எந்த நாட்டில் தொங்கினாலும் எனக்குக் கவலையில்லை. தச்சு என்பதோடு இசை சேர, குற்றியலுகரம் கெட்டு, தச்சிசை. நீ சொல்கிற அந்த அடியும் உளித்தலையில் கொட்டாப்புளி விழுகிற சத்தம்தானே? அர்த்தமும் கூடிவருகிறது.

வவுனியாவிலிருந்து, செவ்வாய் காலை:

ஐயா, நான் தச்சிசை போடுகிறேன் என்று சொன்னால் ஆட்கள் கதவு நிலைக்கு அளவு கொண்டு வருவார்கள்.

அண்ணை, குற்றி ஒரே மாதிரித் துள்ளியதில் அதிசயம் இல்லை. இரண்டிலும் அடி நாலு, நாலும் சம இடைவெளி. தாளத்தில் பார்த்தால் இரண்டும் சதுஸ்ர ஏகம். அங்கே கோடு தேடினால் கிடைக்காது. மேலே என்ன ஏறுகிறது என்று பாருங்கள். ஹவுஸ் டிஸ்கோவின் பிள்ளை: பியானோக் கோர்வை, தேவாலயப் பாட்டின் சாயல் உள்ள குரல், இரண்டாம் நாலாம் அடியில் கைதட்டு. ரெக்னோவில் குரல் குறைவு. ஒரே சத்தத்தைப் பிடித்துக்கொண்டு அதன் நிறத்தை மெல்ல மெல்ல மாற்றிக்கொண்டு போவார்கள். வேகத்தை அளந்தால் ஹவுஸ் பெரும்பாலும் நிமிடத்துக்கு 120 முதல் 128 அடி, ரெக்னோ அங்கேயே தொடங்கி 140 தாண்டியும் போகும். ஆனால் 126இல் இரண்டும் சந்திக்கும். அந்த இடத்தில் ஒரு மணித்தியாலம் நின்று கேட்டாலும் நான் நிச்சயமாகச் சொல்ல மாட்டேன்.

சென்னையிலிருந்து, செவ்வாய் மதியம்:

நண்பர்களே, டெக்னோ என்பதை நீங்கள் 'ரெக்னோ' என்று எழுதுவதை முதலில் நிறுத்துங்கள். எங்கள் வாசகர்கள் வேறு ஏதோ மருந்துப் பெயர் என்று நினைப்பார்கள். ஒலிபெயர்ப்பே தோல்வி என்பது என் கட்சி. நுட்பிசை, மனையிசை: இரண்டும் சிறியவை, கிரந்தம் இல்லை. 'வடசொற் கிளவி வடவெழுத்து ஒரீஇ' என்று தொல்காப்பியர் சொன்னது வடமொழிக்கு மட்டுமா? ஹகரத்தை ஏன் தூக்கிச் சுமக்கிறீர்கள்?

கிளிநொச்சியிலிருந்து, செவ்வாய் பின்னேரம்:

அதே தொல்காப்பியர் டகரத்தையும் சொல்லுக்கு முதலில் விடமாட்டார். ரகரத்தையும் விடமாட்டார் என்று ஐயா எழுதுவதற்குள் நானே சொல்லிவிடுகிறேன். ஆக அந்த வழக்கில் நீங்களும் நாங்களும் ஒரே கூண்டு.

ஹகரத்தை எடுத்துவிட்டு 'அவுஸ்' என்று எழுதிப் பார்த்தேன். பக்கத்தில் இருந்த உதவியாளர் எட்டிப் பார்த்துவிட்டு, "சேர், ஆர் அவுசுக்குப் போகினம், போட்டிலயோ?" என்று கேட்டார். இங்கே அவுஸ் என்றால் அவுஸ்திரேலியா. அதை மாற்ற இந்தக் குழுவால் முடியாது.

(கணனியா கணினியா என்று நேற்றிரவு தனியாக எழுதிய மூன்று பேருக்கு: தயவுசெய்து வேண்டாம். பௌதிகவியல், இயற்பியல் ஆட்களும் இந்தக் கிழமை ஓய்வெடுக்கட்டும்.)

ரொறன்ரோவிலிருந்து, செவ்வாய் நள்ளிரவு, உங்களுக்குப் புதன் காலை:

நான் மாங்குளத்துப் பிள்ளை. இப்போது நாலு மணித்தியாலம் கார் ஓடினால் வின்சர், ஆற்றைக் கடந்தால் டிட்ரோயிற். அதனால் இதில் எனக்குக் கொஞ்சம் வாய் உண்டு.

எல்லாரும் ஹவுஸை வீடு என்று பிடித்துக்கொண்டீர்கள். வீடு இல்லை. சிக்காகோவில் 1977இல் திறந்த ஒரு நடன விடுதியின் பெயர் வெயர்ஹவுஸ். பிராங்கி நக்கிள்ஸ் அங்கே இசைத்தட்டுப் போட்டவர். அங்கே போடுகிற பாட்டு என்று இசைத்தட்டுக் கடையில் கேட்டுக் கேட்டு, முன்பாதி தேய்ந்து ஹவுஸ் மிஞ்சியது என்பதுதான் பலரும் சொல்கிற கதை. ஐயாவின் இலக்கணத்தில் சொன்னால் தாமரை மரையான மாதிரி முதற்குறை. இடத்தின் பெயர் இசைக்கு ஆகி வந்ததால் இடவாகுபெயர். அப்படியானால் தமிழில் அது மனை அல்ல, களஞ்சியம்.

ரெக்னோ டிட்ரோயிற்றின் சரக்கு. யுவான் அட்கின்ஸ், டெரிக் மே, கெவின் சான்டர்சன் மூவரும் பெல்வில் என்ற சின்ன ஊரில் ஒன்றாகப் படித்தவர்கள். சிக்காகோவுக்கும் டிட்ரோயிற்றுக்கும் சுமார் 450 கிலோமீற்றர், யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்பைத் தாண்டிப் போகிற தூரம். ஆனால் போக்குவரத்து இருந்தது. டெரிக் மே தன்னுடைய ரோலண்ட் 909 தாள இயந்திரத்தை விற்றதே பிராங்கி நக்கிள்ஸுக்குத்தான். ஒரே பெட்டி இரண்டு ஊரிலும் அடித்திருக்கிறது. பிறகு குற்றி வேறு மாதிரித் துள்ளுமா?

கோடு விழுந்த கதையைக் கேளுங்கள். 1988இல் பிரித்தானியாவில் டிட்ரோயிற் இசைக்கு ஒரு தொகுப்புப் போட்டார்கள். முதலில் நினைத்த தலைப்பு 'டிட்ரோயிற்றின் ஹவுஸ் ஓசை' என்ற பொருளில்தான் இருந்தது. அட்கின்ஸ் கொடுத்த பாட்டின் பெயரில் ரெக்னோ என்ற சொல் இருந்தது. அவர் அந்தச் சொல்லை, எதிர்காலத்தைப் பற்றிப் புத்தகம் எழுதிய அல்வின் டொஃப்லரின் எழுத்திலிருந்து முன்னமே எடுத்து வைத்திருந்தவர். தலைப்பு மாறியது. வெளிநாட்டுக் கடைகளில் அதுவரை சிக்காகோவின் தம்பியாக நின்றது, அன்றோடு தனிக்குடித்தனம். கோட்டைப் போட்டது அட்டையில் அச்சான சொல்தான், 909 இல்லை. சொல்லை மாற்றினால் கோடும் நகரும். அதனால் கவனமாக மாற்றுங்கள்.

மன்னாரிலிருந்து, புதன் காலை:

தம்பி மாங்குளம் சொன்னது என் காதுக்குப் பழகிய சங்கதி. எங்கள் அப்பா கூத்து அண்ணாவியார். மாதோட்டத்தில் தென்பாங்கு, வடபாங்கு என்று இரண்டு. தென்பாங்கு மாதோட்டத்தாரது, வடபாங்கு யாழ்ப்பாணப் பாங்கு என்போம். கொழும்பிலிருந்து வந்து பார்க்கிறவருக்கு இரண்டும் ஒன்றுதான்: மத்தளம், தாளம், விடிய விடியப் பாட்டு. அப்பாவிடம் வித்தியாசம் கேட்டால் ராகம், விருத்தம் என்று தொடங்கி, கடைசியில், "அது அவையின்ர, இது எங்கட" என்று முடிப்பார்.

ஆகையால் இசை, இசை என்று ஒட்டுவதை விட்டுப் பாங்கு என்று வைத்தால் என்ன? களஞ்சியப் பாங்கு, நுட்பப் பாங்கு. மட்டக்களப்பார் வடமோடி, தென்மோடி என்கிறார்கள். உங்கள் முல்லைத்தீவிலேயே முல்லைமோடி உண்டு. ஆனால் மோடி என்று எழுதினால் சென்னை நண்பர்கள் அரசியல் பேசத் தொடங்கிவிடுவார்கள்.

சென்னையிலிருந்து, புதன் மதியம்:

பாங்கு நன்று, ஒப்புக்கொள்கிறேன். நுட்பப் பாங்கும் நன்று, நான் சொன்ன நுட்பம்தானே. களஞ்சியம்தான் உறுத்துகிறது. ஆடலைக் குறிக்கும் சொல்லில் நெல்மூட்டை வாசம் அடிக்கிறது.

வவுனியாவிலிருந்து, புதன் மதியம்:

அடிக்கட்டும். வெயர்ஹவுஸ் என்ற சொல்லும் அங்கே சரக்கு அடுக்குகிற இடம்தானே.

கிளிநொச்சியிலிருந்து, புதன் இரவு:

வகுப்பில் கேட்டுப் பார்த்தேன். களஞ்சியப் பாங்கு என்று பலகையில் எழுதினதும் சிரிப்பு. கூட்டுறவுச் சங்கத்துக் களஞ்சியம், உர மணம், காலபோகத்து நெல்லோடு வரிசையில் நிற்கிற உழவு இயந்திரம் எல்லாம் அவர்களுக்கு உடனே வந்துவிட்டது. ஆனால் அந்தக் கட்டடத்தில் இரவு பெட்டி கட்டினால் எப்படி எதிரொலிக்கும் என்று கேட்டதும் சிரிப்பு நின்றது. உயரக் கூரை, வெறும் சுவர், நடுவில் தூண் இல்லை. எந்தப் பெட்டியை எந்த மூலையில் வைப்பது என்று பதினைந்து நிமிடம் வாக்குவாதப்பட்டார்கள். சொல் வேலை செய்கிறது என்றுதான் நினைக்கிறேன்.

நுட்பப் பாங்குக்கு யாரும் சிரிக்கவும் இல்லை, வாக்குவாதப்படவும் இல்லை. எழுதிக்கொண்டார்கள். அதுதான் எனக்குக் கொஞ்சம் பயம்.

முடிவாக ஒன்று செய்கிறேன். பாடத்துக்குள் ஹவுஸ், ரெக்னோ என்றே வரும். மேடையில் அவர்கள் அப்படித்தான் கேட்கப் போகிறார்கள். அத்தியாயத் தலைப்பிலும் சொல்லடைவிலும் களஞ்சியப் பாங்கு, நுட்பப் பாங்கு. ஆறு பேர் ஓம் என்றிருக்கிறீர்கள், ஒருவர் மௌனம். ஐயாவின் மௌனம் சம்மதம் அல்ல என்று தெரியும்.

முள்ளியவளையிலிருந்து, வியாழன் அதிகாலை:

மௌனம் இல்லை, மின்சாரம் இல்லை. காலத்தோடு வந்து பொருந்துகிற சொல்லைத் தள்ளக்கூடாது என்று தொல்காப்பியத்தில், 'கடிசொல் இல்லைக் காலத்துப் படினே' என்றிருக்கிறது. களஞ்சியத்தை நான் கடிய மாட்டேன், அது நல்ல சொல். நுட்பப் பாங்கு என்பது திணைக்களத்துச் சுற்றறிக்கை. நுட்பம் எதில்தான் இல்லை? இடியப்பம் பிழிவதிலும் நுட்பம் இருக்கிறது. தச்சுப் பாங்கு என்று போட்டிருந்தால் கை தெரியும், மரம் தெரியும், அடி கேட்கும். என் மறுப்பைச் சொல்லடைவில் ஒரு வரியாகவாவது சேர்க்கவும்.

கிளிநொச்சியிலிருந்து, வியாழன் இரவு:

கொடுத்தாயிற்று. ஐயா, உங்கள் வரி சேர்ந்திருக்கிறது, 'தச்சுப் பாங்கு என்பாரும் உளர்' என்று. அச்சகத்துத் தம்பி அதை வாசித்துவிட்டு, இது எந்த ஊர்க் கூத்து என்று கேட்டார்.

ஒரு சின்ன விஷயம். ஐந்தாம் அத்தியாயத்தில் அசிட் ஹவுஸ் வருகிறது. ரோலண்ட் 303 என்ற சின்னப் பெட்டியின் பேஸை முறுக்கி முறுக்கி, புளித்த மாதிரி ஒரு சத்தம் எடுப்பார்கள், சிக்காகோவில் 1987இல் வந்தது. அமிலக் களஞ்சியம் என்று போடவா?

முள்ளியவளையிலிருந்து, வியாழன் இரவு:

போடு. நாளைக் காலை பொலிஸ் வந்து எங்கே வைத்திருக்கிறாய் என்று கேட்கும். புளிக்களஞ்சியம் என்று வை. 'புளி'யின் வேரைப் பற்றி நாளை விரிவாக எழுதுகிறேன்.