கணுக்கால் பிசகினா நீவலாமா, ஐஸ் வைக்கலாமா?

காலடிக்காரி
கடலூர் தேவனாம்பட்டினம் கடற்கரைல சிலம்பம் சொல்லித்தர்ற குழுவுக்காகக் கேக்குறேன். 14 வயசுப் பொண்ணு. நேத்து சாயங்காலம் உலர்ந்த மணல்ல திருப்பு (கால் ஊன்றி உடம்பைத் திருப்புற அசைவு) போடுறப்ப வலது பாதம் உள்பக்கமா மடங்கிடுச்சு. வெளிப்பக்க மொளிக்கு (கணுக்கால்ல துருத்துற எலும்பு) கீழ எலுமிச்சம்பழம் அளவுக்கு வீக்கம். நொண்டி நொண்டி நடக்குறா. வீட்ல இன்னைக்கே சுளுக்கு வழிக்கிறவர்கிட்ட கூட்டிட்டுப் போறோம்ங்கிறாங்க. குழுவுல பாதிப் பேர் ஐஸ்ங்கிறாங்க, பாதிப் பேர் எண்ணெய்ங்கிறாங்க. போட்டிக்கு 18 நாள்தான் இருக்கு. எது சரின்னு காரணத்தோட சொல்லுங்க.

கேப்பர்மலைக்காரன்
இதுல விவாதிக்க என்னம்மா இருக்கு? புளியையும் கல்லுப்பையும் கெட்டியாக் கரைச்சு, கொதிக்க வச்சு, பொறுக்குற சூட்டுல பற்று போடுங்க. ராத்திரி முழுக்க இருக்கட்டும். மறுநாள் நல்லெண்ணெய் தடவி, பாதத்துலருந்து மேல் நோக்கி நீவணும். ஐஸ் வச்சா ரத்தம் ஓடாது, கால் மரத்துப் போகும், வீக்கம் உள்ளயே தங்கிடும். கம்பு பிடிச்ச காலத்துலருந்து இதுதான் வைத்தியம்.

பிசியோ_லாஸ்பேட்டை
பற்றா ஐஸாங்கிற கேள்விக்கு முன்னால ஒரு வேலை இருக்கு. எலும்பு உடைஞ்சிருக்கான்னு பார்க்கணும். 1992-ல கனடாவுல ஆட்டவா நகர மருத்துவர்கள் இதுக்கு ஒரு விதி வகுத்தாங்க. கையாலயே பார்க்கலாம்.

நாலு இடத்தை ஒரு விரலால அழுத்துங்க. வெளி மொளியோட பின் விளிம்பும் நுனியும்: நுனியிலருந்து மேல 6 சென்டிமீட்டர் வரைக்கும். உள் மொளியிலயும் அதே மாதிரி. அப்புறம் சுண்டுவிரல் பக்கம் பாதத்தோட நடுவுல துருத்திக்கிட்டு இருக்கும் எலும்பு. கடைசியா உள்பாத வளைவுக்கு மேல, மொளிக்கு முன்னால இருக்குற எலும்பு. இதுல எங்கயாவது எலும்பு மேலயே சுரீர்னு வலிச்சா எக்ஸ்ரே எடுக்கணும். பிசகின உடனே நாலு அடி நடக்க முடியல, இப்பவும் முடியலன்னாலும் எக்ஸ்ரேதான். நொண்டிக்கிட்டு நடந்தாலும் நடைதான், அதைக் கணக்குல எடுத்துக்கலாம்.

14 வயசுல இன்னொண்ணும் இருக்கு. எலும்பு நுனிக்குக் கொஞ்சம் மேல வளர்ச்சித் தட்டு, அதாவது எலும்பு நீளமா வளர்ற குருத்தெலும்பு இடம், இன்னும் மூடியிருக்காது. வளர்ற பிள்ளைக்குப் பல நேரம் ஜவ்வை விட அந்தத் தட்டு பலவீனம். பெரியவங்களுக்கு ஜவ்வு கிழியற அதே மடக்கல்ல பிள்ளைக்குத் தட்டு விலகலாம். அதைச் சுளுக்குன்னு நெனச்சு இழுத்து நெட்டி எடுத்தா என்ன ஆகும்னு நான் சொல்லத் தேவையில்ல. அதனால இன்னைக்கு யார்கிட்டயும் கூட்டிட்டுப் போகாதீங்க, முதல்ல அழுத்திப் பாருங்க.

கேப்பர்மலைக்காரன்
எலும்பைப் பார்க்கணும்ங்கிறதுல சண்டை இல்ல. நல்ல ஆசானும் முதல்ல தொட்டுத்தான் பார்ப்பார். ஆனா நெட்டி எடுக்குறதும் நீவுறதும் ஒண்ணுன்னு நெனச்சுப் பேசாதீங்க. நெட்டி எடுக்குறது இழுத்து முறுக்குறது. நீவுறது விரல் அடியால வழிச்சு விடுறது. ரெண்டையும் ஒரே தட்டுல வச்சுத்தான் எங்களைத் திட்டுறீங்க.

பிசியோ_லாஸ்பேட்டை
சரி, பிரிச்சே பேசுவோம். நெட்டி எடுக்குறதை எப்பவுமே ஒத்துக்க மாட்டேன். நீவுறதை முதல் மூணு நாளுக்கு ஒத்துக்க மாட்டேன்.

வெளி மொளிக்கு முன்னாலயும் கீழயும் பாதத்தைப் பிடிச்சிருக்குற ஜவ்வுல சில இழைகள் அறுந்திருக்கு. அங்க இருக்குற சின்ன ரத்தக்குழாய்களும் கிழிஞ்சிருக்கு. அது உறைஞ்சு அடைபட ரெண்டு, மூணு நாள் ஆகும். அதுக்குள்ள அமுக்கி வழிச்சா அடைபட்டது திறந்துக்கும். சூடான பற்றும் அதே தப்பைத்தான் செய்யும். சூட்டுல குழாய் விரியும், கசிவு கூடும். காலைல எலுமிச்சம்பழமா இருந்தது சாயங்காலம் மாங்காயா நிக்கும். "பற்று போட்டும் வீங்குதே, அடி பலம் போல"ன்னு அடுத்த நாள் இன்னும் அழுத்தி நீவுவாங்க.

கேப்பர்மலைக்காரன்
உங்க ஐஸ் கதை என்ன? 1978-ல அதைப் பரப்பின அமெரிக்க மருத்துவர் கேப் மிர்கினே 2014-ல ஐஸ் குணமாகுறதைத் தாமதப்படுத்தலாம்னு எழுதிட்டார். வீக்கம்ங்கிறது உடம்பு அனுப்புற பழுது பார்க்குற ஆளுங்க. அவங்களை வாசல்லயே நிறுத்துறதா வைத்தியம்? உங்க ஆளே மாத்திச் சொன்னப்புறமும் மருந்துக்கடையில ஐஸ் பை விக்குறதை மட்டும் நிறுத்தல.

பிசியோ_லாஸ்பேட்டை
இதுல உங்க பக்கம் நியாயம் இருக்கு. ஐஸ் வச்சா ஜவ்வு சீக்கிரம் ஒட்டும்னு சொல்ல ஆதாரம் போதாது. 2019-ல வந்த புது வழிமுறையில ஐஸே இல்ல: காப்பாத்து, உயர்த்தி வை, கட்டுப் போடு, அப்புறம் மெல்ல மெல்ல பாரம் ஏத்துங்கிறதுதான் சாரம். ஐஸ் வலி மரத்துப் போக மட்டும். வலி தாங்கலன்னா மெல்லிய துணில சுத்தி 10 நிமிஷம், அதிகம் போனா 15. அடுத்தது ரெண்டு மணி நேரம் கழிச்சு. தோல் மேல நேரா வச்சா பனிப்புண் வரும். வலி தாங்குற அளவுல இருந்தா வைக்கவே வேண்டாம்.

வீக்கத்துக்கு உண்மையில வேலை செய்யுறது கட்டும் உயரமும்தான். நாற்காலில உக்காந்து முக்காலி மேல கால் வைக்கிறது உயரம் இல்ல. படுத்துக்கிட்டு ரெண்டு தலகாணி வச்சு, பாதம் நெஞ்சை விட மேல இருக்கணும்.

கட்டுறப்ப பாதம் தரைல நிக்குற மாதிரி செங்குத்தா இருக்கணும், தொங்கக் கூடாது. விரல் அடியில ஆரம்பிச்சு ரெண்டு சுத்து. அப்புறம் பாதத்துக்கு மேல குறுக்கா ஏறி, மொளிக்குப் பின்னால சுத்தி, மறுபடி குறுக்கா இறங்குங்க. முன் சுத்தோட பாதியை அடுத்த சுத்து மூடணும். பாதத்துல கொஞ்சம் இறுக்கமா, மேல போகப் போகத் தளர்வா. தலைகீழாக் கட்டினா விரல் பூரி மாதிரி உப்பும். கட்டி முடிச்சதும் கட்டைவிரல் நகத்தை அமுக்கி விடுங்க. ரெண்டு விநாடில செவக்கணும். செவக்கலன்னாலோ, விரல் மரத்தாலோ, அவிழ்த்துக் கட்டுங்க. தூங்கறப்ப கட்டு வேண்டாம்.

கேப்பர்மலைக்காரன்
பாத்தீங்களா, கட்டுக்கு வந்துட்டீங்க. உளுந்து மாவையும் முட்டை வெள்ளைக்கருவையும் குழைச்சு, துணி சுத்தி, மூங்கில் பட்டை வச்சு எங்க ஆளுங்க கட்டுறதும் இதுதானே? புளிப் பற்றும் காய்ஞ்சு இறுகிக் காலை அசைய விடாம பிடிக்கும்.

பிசியோ_லாஸ்பேட்டை
பலன் அந்தப் பிடிப்புல இருக்கு, புளியில இல்லங்கிறதுதான் என் வாதம். இறுகின மாவுக்கட்டு வீக்கம் கூடினா விட்டுக்கொடுக்காது, ரத்த ஓட்டம் நின்னா விரல் கறுக்கும். நெகிழுற துணி அந்த அளவுக்கு மோசம் பண்ணாது.

வம்பாகீரப்பாளையம்
நீங்க ரெண்டு பேரும் பிசகினதுக்கு அப்புறம் நடக்குறதையே பேசுறீங்க. பிசகினது எங்கன்னு முதல் பதிவுலயே எழுதியிருக்காங்க: உலர்ந்த மணல்ல, திருப்புல. அதை யாரும் தொடல.

மணல்ல நடக்கலாம், குதிக்கலாம், ஓடலாம், கெண்டைக்காலுக்கு நல்லது. ஆனா திருப்பு வேற. சிமென்ட் தரைல பாதம் உடம்போட சேர்ந்து வழுக்கித் திரும்பும். உலர்ந்த மணல்ல நாலு விரல்கடை புதைஞ்சு பாதம் மாட்டிக்கும், உடம்பு மட்டும் திரும்பும். அந்த முறுக்கு கணுக்கால்லயோ முட்டியிலயோதான் இறங்கும்.

இன்னொண்ணு சோர்வு. மணல்ல ஓட ஏறக்குறைய 1.6 மடங்கு சக்தி செலவாகும்னு 1998-லயே பெல்ஜியத்துல அளந்து எழுதியிருக்காங்க. தரைல ஒரு மணி நேரம் பண்றதை மணல்லயும் ஒரு மணி நேரம் வச்சா, கடைசிப் பகுதியில பாதத்தை நிமிர்த்திப் பிடிக்கிற வெளிப்பக்கத் தசை ஓய்ஞ்சு போயிருக்கும். திருப்பைக் கடைசில வச்சா பிசகாம என்ன செய்யும்?

கேப்பர்மலைக்காரன்
ஆத்து மணல்ல ஆடிப் பழகினவங்க ஊர் இது. மணல்ல காலடி கத்துக்கிட்டவனுக்குத் தரை பஞ்சு மெத்தை. இப்ப வர்ற பிள்ளைங்களுக்கு ரெண்டு மாசம் வெறும் சுவடு (காலடிப் பயிற்சி) போட வைக்காம கையில கம்பைக் குடுத்துடறாங்க, தமிழ்நாட்டு அரசு வேலைல விளையாட்டு ஒதுக்கீட்டுக்குள்ள சிலம்பம் வந்ததுலருந்து சான்றிதழ் அவசரம் வேற. தப்பு மணல் மேல இல்ல, அவசரத்து மேல.

வம்பாகீரப்பாளையம்
அவசரம் உண்மைதான். ஆனா கடற்கரையும் ஆத்து மணலும் ஒண்ணு இல்ல. ஈர மணல் கெட்டியா இருக்குன்னு அலை ஓரம் போனா அங்க சரிவு. நம்ம கடற்கரை கிழக்கு பார்த்தது. வடக்க பார்த்து வரிசை கட்டினா வலது கால் கடல் பக்கம், தாழ்வுல. தாழ்வுல இருக்குற பாதத்தோட வெளி விளிம்பு கீழ போகும். பிசகுறதும் அதே திசைதான். ஒரு மணி நேரம் ஒரே திசை பார்த்து நிக்க வச்சா வலது கால் பாதி மடங்கின நிலையிலயே வேலை செய்யுது.

அதனால வரிசையைக் கடல் பார்த்து நிறுத்துங்க, இல்லன்னா பாதி நேரத்துல திசை மாத்துங்க. திருப்பும் தொடுமுறையும் (எதிராளியைக் கம்பால தொட்டுப் புள்ளி எடுக்குற ஆட்டம்) மணல்ல வேண்டாம். கேப்பர் மலைப் பக்கம் செம்மண் தரைக்கா பஞ்சம்? தண்ணி தெளிச்சு, கல் பொறுக்கி, மிதிச்சு இறுக்கினா பாதம் திரும்பும், வழுக்கவும் வழுக்காது. கடற்கரைல வெறுங்கால் பயிற்சின்னா இடத்தை ஒரு தடவை கையால அரிச்சுப் பாருங்க. பாட்டில் சில்லு குத்தினா டெட்டனஸ் தடுக்குற டி.டி. ஊசி போட்டு எத்தனை வருஷம் ஆச்சுன்னு கேக்க வேண்டி வரும்.

கேப்பர்மலைக்காரன்
செம்மண் தரையை எனக்கே சொல்லித் தர்றீங்களா? சரி, திருப்பு விஷயம் ஒத்துக்கறேன். சுவடு மணல்லதான்.

காலடிக்காரி
அழுத்திப் பார்த்தாச்சு. நாலு இடத்துலயும் எலும்பு மேல வலி இல்ல. மொளி நுனிக்கு மேல, தட்டு இருக்கும்னு சொன்ன இடத்துலயும் வலி இல்ல. மொளிக்கு முன்னால பள்ளத்துல மட்டும் வலி. நாலு அடி நடந்துட்டா. கட்டுப் போட்டாச்சு. இனி 18 நாளை எப்படிப் பிரிக்கிறது? வலி மாத்திரை குடுக்கலாமா?

பிசியோ_லாஸ்பேட்டை
மாத்திரைன்னா பாராசிட்டமால் மட்டும். எடை 40 கிலோன்னா 500 மில்லிகிராம், ஆறு மணி நேர இடைவெளில, ஒரு நாளைக்கு நாலுக்கு மேல கூடாது. பெரியவங்களுக்கு வாங்கி வச்ச டைக்லோஃபெனாக்கைக் குடுக்காதீங்க. வலி மறைஞ்சதும் போய்க் குதிப்பா, அது வேற.

முதல் மூணு நாள்: கட்டு, உயரம். ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை பாதத்தை மேல கீழ 20 தடவை அசைக்கணும். முழுசா அசையாம வைக்கிறது இப்ப தப்புன்னு ஆகிடுச்சு. மூட்டு இறுகிடும்.

நாலாம் நாள்லருந்து கட்டைவிரலால காத்துல எழுதச் சொல்லுங்க, அ-விலருந்து ஔ வரைக்கும், மூணு சுத்து. பழைய சைக்கிள் ட்யூபை ரெண்டு விரல் அகலத்துக்கு வெட்டிக் கட்டில் கால்ல கட்டி, பாதத்தை வெளிப்பக்கமா இழுக்கணும்: 15 தடவை, மூணு முறை. திரும்பத் திரும்பப் பிசகுறவங்க பலரும் விடுற பயிற்சி இந்த வெளிப்பக்க இழுப்புதான்.

ஒரு வாரம் போல ஆனதும் ரெண்டு காலால குதிகால் தூக்குறது, அப்புறம் ஒத்தைக் காலால. ஒத்தைக் கால்ல 30 விநாடி நிக்கிறது, அடுத்து கண்ணை மூடி. தடுமாறுறது நல்லது, பிசகின ஜவ்வுல மூளைக்குச் சேதி சொல்ற நரம்பும் அடிபட்டிருக்கும், அதைத்தான் பழக்குறோம்.

கேப்பர்மலைக்காரன்
அதுவரைக்கும் கம்பு? மூணு வாரம் தொடாம விட்டா மணிக்கட்டு மறந்துடும். முக்காலில உக்கார வச்சு சுத்தச் சொல்லுங்க. முன் வீச்சு, பின் வீச்சு, தலைக்கு மேல, எல்லாம் இடுப்புக்கு மேலதானே. ரெண்டாம் நாளே ஆரம்பிக்கலாம். உங்க ஒத்தைக் கால் நிலையையும் கம்போட சேர்த்துக்கலாம்: இடது கால்ல பழகி, அப்புறம் வலது கால்ல நின்னு மெதுவா ஒரு சுத்து. மூணு நாள் கழிச்சு எண்ணெய் தடவ விடுவீங்கல்ல?

பிசியோ_லாஸ்பேட்டை
முக்காலிப் பயிற்சி நல்ல யோசனை, அதை நான் சொல்லியிருக்கணும். வீக்கம் இறங்க ஆரம்பிச்ச பிறகு கெண்டைக்கால்ல எண்ணெய் தடவி லேசா வழிக்கட்டும். எந்த எண்ணெயா இருந்தாலும் சரி. மொளிக்கு முன்னால அந்தப் பள்ளத்துல மட்டும் கட்டைவிரல் வச்சு அழுத்த வேண்டாம்.

கேப்பர்மலைக்காரன்
எந்த எண்ணெயா இருந்தாலும் இல்ல. ஆனா அது தனித் திரி. போட்டிக்கு என்ன சொல்றீங்க? நல்லா டேப் ஒட்டினா ஆடலாம்ங்கிறேன்.

பிசியோ_லாஸ்பேட்டை
நாளை எண்ணி முடிவு பண்ணக் கூடாது. லேசான கிழிசல் ஒண்ணுலருந்து மூணு வாரத்துல சரியாகலாம், நடுத்தரம் ஆறு வாரம் வரைக்கும் இழுக்கும். 16-ஆம் நாள் மூணு சோதனை வைங்க. ஒண்ணு, சுவர் பார்த்து நின்னு, குதிகால் தூக்காம முட்டியால சுவரைத் தொடணும். விரல் நுனி சுவர்லருந்து எவ்வளவு தூரம் போக முடியுதுன்னு ரெண்டு கால்லயும் அளங்க. வித்தியாசம் 2 சென்டிமீட்டருக்குள்ள இருக்கணும். ரெண்டு, வலது கால்ல மட்டும் பக்கவாட்டுல பத்துத் தடவை தாண்டணும், வலியும் தயக்கமும் இல்லாம. மூணு, எட்டு வடிவத்துல ஓடி, செம்மண் தரைல முழு வேகத்துல திருப்பு. ஒண்ணு தவறினாலும் தொடுமுறை வேண்டாம், அங்க எதிராளி தள்ளுற திசைக்குப் பாதம் போகும். தனித்திறமைக் கம்பு வீச்சுல ஓட்டத்தைக் குறைச்சு அமைச்சு இறக்கலாம். மூணும் தேறினாலும் டேப்போ, கயிறு கட்டுற கணுக்கால் உறையோ போட்டுத்தான் இறங்கணும், அடுத்த ஆறு மாசத்துக்காவது.

கேப்பர்மலைக்காரன்
ஒண்ணு தவறினா எதுக்குமே இறக்காதீங்கன்னுதான் நான் சொல்வேன். ஓட்டத்தைக் குறைச்சு ஆடுறது சிலம்பம் இல்ல, கோலாட்டம்.

வம்பாகீரப்பாளையம்
அண்ணே, டேப் ஒட்டினா ஆடலாம்னு சொன்னது நீங்கதான், மூணு பதிவு முன்னாடி.

கேப்பர்மலைக்காரன்
அது சோதனை தேறினா, தம்பி.

காலடிக்காரி
எல்லாருக்கும் நன்றி. நாளைலருந்து திருப்பு மட்டும் செம்மண் தரைக்கு மாத்துறோம். ஒரு சின்னக் கேள்வி, மருந்துக்கடைல கட்டுத் துணி 4 அங்குலமா 6 அங்குலமான்னு கேக்குறாங்க.

பிசியோ_லாஸ்பேட்டை
4. ஆறு அங்குலம் முட்டிக்கு. ரெண்டு வாங்குங்க, ஒண்ணு துவைச்சுக் காயறப்ப இன்னொண்ணு. வெயில்ல காயப் போடாதீங்க, நெகிழ்வு போயிடும்.